மணிமேடை பக்கத்து க்ரெப் கடை: நாலு வருடம் சாப்பிட்ட பிறகு

நாகர்கோவில் மணிமேடையிலிருந்து நடக்கிற தூரத்தில், இரண்டு பைக் எதிரெதிரே வந்தால் ஒன்று ஒதுங்கி நிற்க வேண்டிய சந்துக்குள் இந்தக் கடை இருக்கிறது. ஆறு மேசை, சாப்பிடுகிறவர்கள் பார்க்கும்படி திறந்த அடுக்களை, அவ்வளவுதான். ஊரில் பாதிப்பேர் ‘பிரெஞ்சு தோசைக் கடை’ என்பார்கள். 2021 டிசம்பரில் முதல் முறை போனேன். அப்புறம் மாதத்துக்கு இரண்டு தடவையாவது போய்க்கொண்டிருக்கிறேன். ஒரு கடையின் குணம் இரண்டு மழை தாண்டினால்தான் தெரியும் என்பது என் கணக்கு. எங்கள் மாவட்டத்தில் ஆனியிலும் மழை, ஐப்பசியிலும் மழை. அந்தக் கணக்கில் பார்த்தால் எட்டு மழை பார்த்தாயிற்று.

முதலில் என்ன கிடைக்கும் என்று சொல்லிவிடுகிறேன். இரண்டு வகை. மைதா, முட்டை, பால் கலந்து மெல்லிசாக ஊற்றுவது இனிப்பு க்ரெப். பக்வீட் மாவில் தண்ணீரும் உப்பும் சேர்த்து ஊற்றுவது காலெட். இது உப்புப் பண்டம். இரண்டும் பிரிட்டனியின் சாப்பாடு. பிரான்ஸின் மேற்கு மூலையில் கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் பகுதி அது. அங்கே பல இடங்களில் மண் ஏழை மண், கோதுமை சரியாக வராது. பக்வீட் அந்த மண்ணிலும் மூன்று மாதத்தில் விளைந்துவிடும். திருவிதாங்கூரில் விசாகம் திருநாள் மகாராஜா பஞ்சத்துக்குக் கைகொடுக்கும் என்று மரச்சீனியைப் (மரவள்ளிக்கிழங்கு) பரப்பினாரே, அந்த மாதிரிதான். ஏழை வீட்டு அடுப்பில் தொடங்கிய சாப்பாடு.

கடைக்காரர் குளச்சல் பக்கத்துக் கடற்கரை ஊர்க்காரர். புதுச்சேரியில் ஒரு பிரெஞ்சு உணவகத்தில் பல வருடம் சமையல் பார்த்துவிட்டு ஊர் திரும்பியவர். கல்லாவில் அவர் மனைவி. நாங்கள் அண்ணன், அக்கா என்றுதான் கூப்பிடுகிறோம்.

நான் இவ்வளவு நீளமாக எழுதுவதற்குக் காரணம் என் மருமகன், என் சொந்த அக்காவின் மகன். ஆறு வயதில் அவனுக்குச் சீலியாக் நோய் என்று கண்டுபிடித்தார்கள். கோதுமை, பார்லி, ரை இவற்றில் இருக்கும் குளூட்டன் வயிற்றுக்குள் போனால் அவன் உடம்பே அவன் சிறுகுடலின் உட்சுவரைத் தாக்கும். சாப்பிட்டு ஆற்றுகிற மருந்து இதுவரை இல்லை. ஆயுசுக்கும் அதைத் தவிர்ப்பது ஒன்றுதான் வழி.

அரிசிச் சோறு தின்கிற ஊரில் இதில் என்ன கஷ்டம் என்று நிறையப் பேர் கேட்டிருக்கிறார்கள். வீட்டில் கஷ்டமில்லை. வெளியே போனால்தான். பரோட்டா போடுகிற கல்லிலேயே தோசை ஊற்றுவார்கள். கடைகளில் கிடைக்கும் பெருங்காயத்தில் பெரும்பாலும் மைதா கலந்திருக்கும், ஆகவே சாம்பாரும் சந்தேகம்தான். பல சோயா சாஸ்களிலும் கோதுமை உண்டு. கல்யாண வீட்டுப் பந்தியில் அக்கா அவன் இலையைப் பார்த்துக்கொண்டே இருப்பாள், அவள் இலையில் சோறு ஆறிப்போகும். மற்றப் பிள்ளைகள் பரோட்டாவைப் பிய்த்துச் சால்னாவில் முக்கும்போது இவன் டிபன் பாக்ஸைத் திறப்பான். அந்த மூடி திறக்கிற சத்தம் எனக்கு இப்போதும் காதில் இருக்கிறது.

2022 மே மாதம் அவனையும் அக்காவையும் இந்தக் கடைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். உட்கார்ந்ததும் அக்கா மெனு அட்டையைப் பார்த்தாள். ‘கறுப்புக் கோதுமை காலெட்’ என்று தமிழில் போட்டிருந்தது. ஒரு வார்த்தை பேசாமல் பையை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டாள். பிரெஞ்சில் பக்வீட்டுக்குக் கறுப்புக் கோதுமை என்றே ஒரு பெயர் இருக்கிறது, அதை அப்படியே தமிழாக்கி வைத்திருந்தார்கள். அண்ணன் உள்ளே போய் ஒரு கை நிறையத் தானியத்தை அள்ளிக்கொண்டு வந்து மேசையில் பரப்பினார். பழுப்பு நிறம், மூன்று மூலை வைத்த சின்ன விதை. கோதுமை, நெல் எல்லாம் புல் வகை. இது புல்லே கிடையாது, குளூட்டனும் கிடையாது என்று விளக்கினார். வடக்கே நவராத்திரி விரதத்துக்குச் சாப்பிடும் ‘குட்டு’ இதுதான். அடுத்த வாரமே மெனு அட்டையில் அந்தப் பெயர் மாறிவிட்டது. இப்போது ‘பக்வீட் (குட்டு)’ என்று இருக்கும்.

அப்புறம் எங்களை அடுக்களைக்குள் கூப்பிட்டுக் காட்டினார். இரண்டு வட்டக் கல், ஒவ்வொன்றும் ஒன்றேகால் அடிக்கு மேல் அகலம். பிரிட்டனியில் இந்தக் கல்லை பிலிக் என்பார்கள். இடது கல் பக்வீட்டுக்கு, வலது கல் மைதாவுக்கு. மாவு விரிக்கிற மரக்குச்சியும் திருப்புகிற நீளப் பட்டைக் கரண்டியும் தனித்தனி. இடது பக்கத்துச் சாமான்களில் நீல நூல் கட்டியிருந்தது. மாவாக வாங்கினால் கோதுமை அரைத்த மில்லில் அரைத்ததாக இருக்கும் என்று, தானியமாக வரவழைத்துக் கடைக்குள்ளேயே சின்ன இயந்திரத்தில் அரைக்கிறார். “மக்கா, இந்தக் கல்லுல மைதா பட்டதே இல்ல கேட்டியா” என்று அவனிடம் நேராகச் சொன்னார். அவன் கல்லையே பார்த்துக்கொண்டு நின்றான். “மாமா, அப்போ இது எனக்க கல்லா?” என்று கேட்டான்.

காலெட் ஊற்றுவதைப் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். முந்தின நாளே கரைத்துக் குளிரில் வைத்த மாவு, சாம்பலும் பழுப்பும் கலந்த நிறம். கல் 200 டிகிரிக்கு மேல் காய்ந்திருக்கும். ஒரு கரண்டி மாவு விழுந்ததும் டி வடிவ மரக்குச்சியால் ஒரே சுற்று. அழுத்தக் கூடாது, குச்சியின் எடைதான் மாவைத் தள்ள வேண்டும். தோசைக்குக் கரண்டி அடியால் நடுவிலிருந்து சுழற்றுகிற நமக்கு அந்தக் கை வர நாளாகும். விரிந்த நொடியே மேலெல்லாம் ஊசித் துளை விழுந்து சரிகை மாதிரி ஆகிவிடும். உப்பு வெண்ணெய் ஒரு துண்டு. முட்டையை நடுவில் உடைத்து, வெள்ளையை மட்டும் கரண்டி நுனியால் பரத்தி, மஞ்சள் கலங்காமல் விடுவார். துருவிய சீஸ். அங்கே பன்றி இறைச்சி ஹாம் வைப்பார்கள், இவர் புகை போட்ட கோழி வைக்கிறார். கடைசியில் நாலு ஓரத்தையும் உள்ளே மடித்துச் சதுரமாக்குவார், நடுவில் மஞ்சள் கரு எட்டிப் பார்க்கும். ஓரம் மொறுமொறு, நடு மெத்தென்று, வறுத்த எள்ளுக்குப் பக்கத்தில் வருகிற ஒரு மணம். முதல் தடவை சிலருக்கு அந்த மண் வாசனை பிடிக்காது. மூன்றாவது தடவை வரைக்கும் பொறுத்துப் பாருங்கள்.

இனிப்பில் நான் எல்லோருக்கும் சொல்வது மட்டி வாழைப்பழம் போட்டது. கன்னியாகுமரி மட்டிக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. கைக்குழந்தைக்கு முதலில் கொடுக்கிற பழம், விரல் நீளம், உரித்தவுடன் மணம் தூக்கும். அதை வெண்ணெயில் லேசாகப் புரட்டி, மேலே கருப்பட்டிக் காரமல். பிரிட்டனிக்குப் பழைய காலத்து உப்பு வரி கிடையாது, அதனால் வெண்ணெயில் உப்புப் போடுவது அங்கே பழக்கமாக நின்றுவிட்டது. அந்த உப்பு வெண்ணெயை வைத்து கிபரோன் என்ற ஊரில் ஆன்றி லெ ரூ என்ற மிட்டாய்க்காரர் 1977-ல் ஒரு காரமல் செய்தார், அது உலகம் முழுக்கப் போனது. இங்கே சீனிக்குப் பதில் கருப்பட்டி. காரமலின் லேசான கசப்பும் கருப்பட்டியின் கசப்பும் ஒன்றையொன்று தேடிப் பிடித்த மாதிரி இருக்கும். மைதா க்ரெப் என்பதால் மருமகன் முதலில் இதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தான். ஒரு நாள் அக்கா, கல்லாவில் இருப்பவர், “பிள்ளைக்குப் பக்வீட்டுலயே ஊத்திக் குடுங்க” என்றார். இப்போது மெனுவிலேயே மட்டி காலெட் இருக்கிறது. மைதாவில் செய்ததைவிட அதுதான் நல்லது என்பது என் தீர்ப்பு. சாக்லேட் பூசித் தருகிற வகை எங்கேயும் கிடைக்கும், அதற்காக இந்தச் சந்துக்குள் வர வேண்டாம்.

குறைகளும் இருக்கின்றன. 2023-ல் நாலைந்து மாதம் பிளாஸ்டிக் தாளில் சுற்றி வரும் சதுர சீஸைப் போட்டார்கள். உருகாமல் ரப்பர் மாதிரி நின்றது. சொன்னேன். கொடைக்கானல் சீஸ் வரத்து நின்றுவிட்டது என்றார்கள். திரும்ப வந்ததும் மாற்றிவிட்டார்கள், ஆனால் அந்த மாதங்களில் விலையைக் குறைக்கவில்லை. 2022 ஆனி மழையில் ஒரு தடவை காலெட்டில் பழைய எண்ணெய் வாடை அடித்தது. பக்வீட் மாவு ஈரத்திலும் சூட்டிலும் சீக்கிரம் கெடும். அதற்குப் பிறகு வாரத்துக்கு வேண்டியதை மட்டும் அரைக்கிறார்கள். முட்டை, சீஸ், கோழி போட்ட காலெட் அப்போது 160 ரூபாய், இப்போது 230. நெத்தோலி போட்டு ஒரு வகை செய்து பார்த்தார்கள், எடுபடவில்லை.

காத்திருக்க வேண்டும். பக்வீட்டுக்கு ஒரே கல், ஒன்றுக்கு நாலு நிமிடம். ஐந்து பேர் போனால் ஒருவர் முடித்த பிறகுதான் அடுத்தவருக்கு வரும். வீட்டில் தோசை சுடுகிற மாதிரி நினைத்துக்கொண்டால் சரி: முதல் ரெண்டு பிள்ளைகளுக்கு, கடைசி ஒன்று நமக்கு. பார்சல் வேண்டவே வேண்டாம். டப்பாவுக்குள் ஆவி கட்டி, பார்வதிபுரம் போய்ச் சேருவதற்குள் ஈரத்துணி ஆகிவிடும்.

பிரிட்டனியில் இதோடு ஆப்பிள் சைடரை மண்கிண்ணத்தில் குடிப்பார்கள். இங்கே பனை சீசனில் அதே மாதிரிக் கிண்ணத்தில் அக்கானி (பதநீர்) தருகிறார்கள். காலையில் இறக்கியது சாயங்காலம் வரை நிற்காது என்பதால் ஞாயிறு மதியம் மட்டும்.

ஒரு சம்பவத்தை மறைக்காமல் சொல்ல வேண்டும். 2023 கடைசியில் புதிதாகச் சேர்ந்த ஒரு தம்பி, கூட்ட நேரத்தில் நீல நூல் இல்லாத கரண்டியால் மருமகனின் காலெட்டை மடித்துவிட்டான். நாங்கள் யாரும் கவனிக்கவில்லை. தட்டு மேசைக்கு வந்து, இவன் முள்கரண்டியை எடுத்தபோது அண்ணன் ஓடி வந்து தட்டை இழுத்துக்கொண்டார். மடித்ததைக் குப்பையில் போட்டார், கல்லை அணைத்து, ஆறவிட்டு, கழுவித் துடைத்து, மறுபடி காய வைத்தார். நாற்பது நிமிடம். வெளியே ஆள் நின்றது, ஒருவருக்கும் காலெட் போடவில்லை. தம்பியைத் திட்டவும் இல்லை. மருமகனைக் கூட்டிவந்து தம்பி முன்னால் நிறுத்தி, “இவனுக்கு என்ன ஆவும்னு இவனே சொல்லுவான், கேட்டுக்க” என்றார். அன்றைக்கு அவர் சொல்லாமல் விட்டிருந்தால் எங்களுக்குத் தெரிந்தே இருக்காது. நான் இந்தக் கடையை நம்புவது அந்த நாற்பது நிமிடத்தால்.

இருந்தாலும் மைதா பறக்கிற அடுக்களை அது. சீலியாக் உள்ளவர்கள் முதலில் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள், போனதும் கடைக்காரரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். நாங்கள் சாயங்காலம் ஐந்தரைக்குக் கடை திறக்கும்போதே போய்விடுவோம். ஆறரைக்குத்தான் வலது கல்லைப் பற்ற வைப்பார்கள். வண்டியைச் சந்துக்குள் கொண்டுபோகாதீர்கள், திருப்ப இடமில்லை.

பிப்ரவரி 2 பிரான்ஸில் க்ரெப் நாள். கிறிஸ்துமஸிலிருந்து நாற்பதாம் நாள். எங்கள் கடற்கரை ஊர்க் கோயில்களில் மெழுகுவர்த்தி மந்திரித்துக் கொடுக்கும் அதே நாள். இடது கையில் ஒரு காசைப் பிடித்துக்கொண்டு வலது கையால் க்ரெப்பைத் தூக்கிப் போட்டுப் பிடித்தால் அந்த வருடம் கையில் காசு தங்கும் என்பது அவர்கள் நம்பிக்கை. 2025-ல் அது ஞாயிற்றுக்கிழமை வந்தது. வந்த பிள்ளைகள் எல்லோருக்கும் அண்ணன் ஒரு ஐந்து ரூபாய்க் காசும் சின்னச் சட்டியும் கொடுத்தார். மருமகனுக்கு மட்டும் நீல நூல் கட்டிய சட்டி. முதல் இரண்டு முறை தரையில் விழுந்தது, மூன்றாவது பாதி சட்டிக்குள், பாதி வெளியே தொங்கியது. அதைத்தான் சாப்பிட்டான்.

திங்கட்கிழமை கடை விடுமுறை. 2026 பிப்ரவரி 2 திங்கட்கிழமை. அன்றைக்குத் திறப்பீர்களா என்று மருமகன் முன்கூட்டியே கேட்டு வைத்திருந்தான். காலண்டரைப் பார்த்துச் சொல்கிறேன் என்றிருந்தார் அண்ணன்.