பத்தமடைப் பாய்: வாங்கியது இரண்டு, பாய் ஒன்றுதான்

தங்கச்சி கல்யாணத்துக்கு மணமக்கள் பெயர் நெய்த பத்தமடைப் பாய்தான் வேண்டும் என்று அம்மா ஒரே பிடிவாதம். சோம்பேறித்தனத்தில் முதலில் ஆன்லைனில் ஆர்டர் போட்டேன். 'ஒரிஜினல் பத்தமடை' என்றார்கள், வந்தது நைலான் நூல் ஓடிய சாதாரணப் பாய். பெயரைப் பெயிண்டில் அடித்திருந்தார்கள். ஈரத்துணியால் துடைத்ததும் தங்கச்சி பெயரில் பாதி துணியோடு வந்துவிட்டது. போனது 3,800 ரூபாய். திருப்பி எடுக்கவும் மாட்டேன் என்றார்கள், கடைப் பெயர் இங்கே வேண்டாம்.

சரி என்று நேரில் பத்தமடைக்கே போனேன். திருநெல்வேலியிலிருந்து அம்பாசமுத்திரம் போகும் வழியில், சேரன்மகாதேவிக்கு முன்னால் இருக்கிறது ஊர். ஒரு வீட்டுத் திண்ணையில் தறி தரையோடு கிடந்தது. தாமிரபரணிக் கரைக் கோரையைக் காயவைத்து, தண்ணீரில் ஊறப்போட்டு, நூல் மாதிரி கிழித்து வைத்திருந்தார்கள். ஒவ்வொரு இழையாக நீளக் குச்சியில் கோத்துப் பாவுக்குள் (தறியில் நெடுக்கே கட்டிய நூல்) தள்ளி, அச்சுக்கட்டையால் இறுக்க வேண்டும். எழுத்தும் அப்படித்தான், சாயம் போட்ட கோரையாலேயே நெய்வது. ஒரு 'ஸ்ரீ' முடிக்கவே எவ்வளவு நேரம்!

4,500 ரூபாய் கேட்டார் நெய்த அக்கா, பேரம் பேச மனசு வரவில்லை. "கடைக்காரருக்குப் போட்டா இதுல பாதிதான் தம்பி கிடைக்கும்" என்றார். அவர் மகள் தறியில் உட்காருவதில்லை, பீடி சுற்றுகிறாள். வாரம் பிறந்தால் கையில் காசு.

கைவினை, கலை மாதிரித் தொழில்களுக்காக 2021ஐப் படைப்புப் பொருளாதார ஆண்டு என்று ஐ.நா. அறிவித்தது, ஊர்ப் பெயருக்குச் சட்டப் பாதுகாப்பு தரும் புவிசார் குறியீடும் இந்தப் பாய்க்கு இருக்கிறது. ஆனால் போனில் படத்தைப் பார்த்து வாங்குகிறவனுக்கு எது தறியில் நெய்தது, எது பெயிண்ட் அடித்தது என்று எப்படித் தெரியும்? நான் ஏமாந்த 3,800இல் ஒரு பைசாகூட அந்தத் திண்ணைக்குப் போயிருக்காது. குறியீட்டோடு நெய்தவர் பெயரும் ஊரும் ஒரு சீட்டில் வந்தால்கூடப் போதும், அதற்கென்ன பெரிய செலவு ஆகிவிடும்?

பாய் எப்படி? துணி மாதிரி மடிகிறது, கோரை முனை எங்கேயும் குத்தவில்லை, வெயில் காலத்தில் படுத்தால் முதுகு குளிர்கிறது. ஓரத்தில் தைத்த துணிதான் சுமார், ஒரு பக்கம் இப்போதே பிரிகிறது. கல்யாணத்துக்கு என்றால் இரண்டு மாதம் முன்னாலேயே சொல்லிவிடுங்கள், பெயரை எழுதிக் கொடுத்துவிடுங்கள். நான் வாயால் சொன்னதில் மாப்பிள்ளை பெயரில் ஒரு 'ன்' விட்டுப்போயிருக்கும், நல்லவேளை பாதியில் போய்ப் பார்த்தேன்.

தங்கச்சியின் மாமியார் அதைச் சுவரில் மாட்டிவிட்டார். படுக்கத்தானே வாங்கிக் கொடுத்தோம்!