"பிரீடிங் பெயார்" என்று விற்கப்படும் ராம் மீன்கள்: கொழும்பில் வாங்குவோர் கவனிக்க

வெள்ளவத்தைப் பக்கம் ஒரு மீன் கடையில் ஜேர்மன் புளூ ராம் என்ற சிறு அலங்கார மீன், "முட்டை போட்ட சோடி" என்ற உறுதியோடு 6,500 ரூபாய்க்குத் தரப்பட்டது. இரண்டும் பெண் மீன்கள்.

இது உடனே பிடிபடாது. ஆண் இல்லாத தொட்டியில் இரண்டு பெண் ராம்கள் சேர்ந்து தட்டைக் கல்லைத் துப்புரவாக்கும், இரண்டுமே முட்டை போடும், மாறி மாறிக் காவலும் நிற்கும். கல்லில் 400க்கு மேல் முட்டை இருந்ததே முதல் தடயம். ஒரு பெண் ராம் வழக்கமாக 100 முதல் 300 வரைதான் போடும். மறுநாள் காலை அத்தனையும் பால் வெள்ளை. பூஞ்சணம் என்றால் ஓரிரண்டு முட்டையில் தொடங்கி, பஞ்சு போல நூல் விட்டுப் பக்கத்து முட்டைக்குப் பரவும். ஒரே நேரத்தில் எல்லாம் வெளுத்தால் பெரும்பாலும் அவை கருக்கட்டாத முட்டைகள். கருக்கட்டியது தேன் நிறத்தில் தெளிவாகவே இருக்கும், 28 பாகையில் இரண்டரை மூன்று நாளில் பொரிக்கும். இந்தச் சோடி முட்டை போட்ட மூன்று தடவையும் எல்லாம் வெளுத்ததுதான் நடந்தது.

கடைக்காரரின் பதில்: "அண்ணை, உங்கட தண்ணி சரியில்லை." இந்தப் பதிலை நம்பாதீர்கள். கொழும்புக் குழாய்த் தண்ணீர் மென்மையானது. குளோரினைப் போக்கி, காய்ந்த கொட்டம்பா இலை போட்டால் ராமுக்குப் போதும். இந்தத் தொட்டியில் ரீடிஎஸ் (தண்ணீரில் கரைந்த உப்புகளின் அளவு) 60, பிஎச் 6.5. அதே தண்ணீரில் வேறொரு சோடி குஞ்சு பொரித்தது.

வயிற்றில் இளஞ்சிவப்பு, உடம்பின் கறுப்புப் பொட்டுக்குள் நீலப் புள்ளிகள் இருந்தால் பெண் என்பார்கள். பண்ணை மீன்களில் இந்தக் கணக்குப் பிழைக்கும். ஹோர்மோன் கொடுத்து நிறம் ஏற்றியவற்றில் சொல்லவே வேண்டாம்: இரண்டரை சென்ரிமீற்றர் குட்டிகள் எல்லாம் பெரிய மீனின் பளபளப்போடு, மங்கலான ஒன்றுகூட இல்லாமல் நின்றால் அந்தத் தொட்டியில் வாங்காதீர்கள். சில கிழமையில் நிறம் வடியும், இனப்பெருக்கமும் கெடும். நம்பக்கூடியது முட்டை போடும் நேரத்தில் அடிவயிற்றில் வெளியே தெரியும் சிறு குழாய்தான். பெண்ணுக்குத் தடித்து மொட்டையாக, ஆணுக்கு மெலிந்து கூராக இருக்கும். சோடி விலை கேட்பவரிடம், அதே மீன்கள் குஞ்சுகளோடு நிற்கும் வீடியோவைக் கேளுங்கள்; பில்லில் "1 ஆண், 1 பெண்" என்று எழுதுவியுங்கள். அதைவிட நல்லது ஆறு இளம் மீன்களை வாங்கி, அவை தாமாகச் சோடி சேரும்வரை வளர்ப்பது.

அதே கடையில் பெயரும் திகதியும் இல்லாத பொலித்தீன் பக்கற்றில் ஆர்ட்டீமியா (மீன் குஞ்சுகளுக்கு உணவாகும் மிகச் சிறிய உப்புநீர் இறால்) முட்டையும் தந்தார்கள். கடையில் பெரிய டின்னைத் தினமும் திறந்து கரண்டியால் அள்ளிப் பிரித்தால், கொழும்பின் ஈரக்காற்றில் கரு செத்துவிடும். முட்டை போட்டு ஐந்து ஆறு நாளில் ராம் குஞ்சுகள் நீந்தத் தொடங்கும். முதல் ஓரிரு நாள் வினாகிரிப் புழு (வினாகிரியில் வளர்க்கும் நுண்புழு), பிறகு புதிதாகப் பொரித்த ஆர்ட்டீமியா வேண்டும். அப்போது பக்கற் ஏமாற்றினால் முழுக் குஞ்சும் போகும். ஆகவே வாங்கிய அன்றே பாருங்கள்: ஒரு லீற்றர் தண்ணீர், 25 கிராம் உப்பு, கால் தேக்கரண்டி முட்டை, பலமான காற்று, வெளிச்சம். 24 மணித்தியாலம் கழித்துக் காற்றை நிறுத்திப் பத்து நிமிடம் விடுங்கள். அடியில் செம்மஞ்சளாக அசையும் படை இல்லாமல் மண்ணிறத் தூள் மட்டும் படிந்திருந்தால், அன்றே திருப்பிக் கொடுங்கள்.