வன்னி வெயிலுக்கும் மாரிக்கும் ஒரு பழைய டஃப்புக்

முத்தையன்கட்டு, ஒட்டுசுட்டான் பக்கம் குளக்கட்டு அளக்கிறது தான் என்ர வேலை. முதல் சாதாரண லப்டொப் தான் கொண்டு திரிஞ்சனான், கிரவல் ரோட்டில மோட்டச்சைக்கிள்ல குலுங்கிக் குலுங்கி ஹார்ட் டிஸ்க் செத்துப்போச்சு, ரெண்டு நாள் அளந்ததும் அதோட போச்சு. பிறகு தான் செக்கண்ட் ஹாண்டில பனசோனிக் டஃப்புக் சிஎஃப்-31 எண்ட, அடிபிடிக்குத் தாங்கிற முரட்டு லப்டொப் ஒண்டு எடுத்து, குலுக்கலுக்குச் சாகாத எஸ்எஸ்டி டிஸ்க் மாத்தி, விண்டோஸுக்குப் பதிலா லினக்ஸ் மின்ட் போட்டன், இப்ப ஒரு வருசமாப் பாவிக்கிறன்.

ஸ்கிரீனுக்கே காசு குடுக்கலாம். வெளிச்சத்தை நிட்ஸில அளப்பினம், சாதாரண லப்டொப் 250, 300 நிட்ஸ் தான், மத்தியான வெயிலுக்க அதில எங்கட மூஞ்சை தான் தெரியும், இது 1200 வரைக்கும் போகும். டச் ரெசிஸ்டிவ், போன் மாதிரி இல்ல, அழுத்தோணும், ஆனா மழைத்துளி விழுந்தா தன்பாட்டில மெனு திறக்காது, கையுறையோடயும் வேலை செய்யும். லினக்ஸில ஒருக்கா கலிபிரேட் பண்ணோணும், இல்லாட்டி தொடுறது ஓரிடம் அம்புக்குறி போறது வேறிடம். பழைய 9 பின் சீரியல் போர்ட்டும் இருக்கு, நிலம் அளக்கிற கருவியான எங்கட பழைய டோட்டல் ஸ்டேஷனை நேர கொழுவுறன்.

குறை எண்டா பாரம், 4 கிலோவுக்குக் கிட்ட வரும், கைபிடி இருக்கிறதால தப்பினன். ஸ்கிரீன் 1024க்கு 768 தான், வரைபடம் போடுற கியூஜிஐஎஸ் மென்பொருளில ரெண்டு பனல் திறந்தா வரைபடத்துக்கு இடமில்ல.

இதுக்குத் தண்ணி, புழுதி தாங்கிற தரம் ஐபி65, அப்பிடியெண்டா புழுதி உள்ள போகாது, தண்ணி பீச்சி அடிச்சாலும் தாங்கும், ஆனா அது புதுசா, மூடியெல்லாம் இறுக்கி இருக்கேக்க. பழசு வாங்கிறண்டா போர்ட் மூடியள்ல இருக்கிற ரப்பரைத் தடவிப் பாருங்கோ, காய்ஞ்சு வெடிச்சிருந்தா அந்த நம்பரை மறந்திடுங்கோ.

கூட வேலை செய்யிற தம்பி ஒராள் மலிவு டப்லெட் ஒண்டு வாங்கினவர், பேர் வேண்டாம், சுத்திவர ரப்பர், பாக்க நல்ல முரடு. உள்ளுக்க இன்டெல் அட்டம் சிப், மெஷினைத் துவக்கிற யுஇஎஃப்ஐ 32 பிட், மின்ட் பென் டிரைவ் பூட்டே ஆகேல்ல, ஒருமாதிரி ஏத்தினா டச்சை வேலை செய்ய வைக்கிற ஃபேர்ம்வெயர் இல்ல. கடைக்காரர் என்னெண்டா "விண்டோஸ் போட்டுத் தாறன்" எண்டு நிக்கிறார்! இன்ஸ்டோல் பண்ணாமலே லினக்ஸ் ஓடுற லைவ் பென் டிரைவ் ஒண்டோட கடைக்குப் போய் வைஃபை, டச், மூடித் திறந்தா எழும்புதோ எண்டு எல்லாம் பாத்திட்டுத் தான் காசை எடுங்கோ.

சிஎஃப்-31க்கு சார்ஜர் 15.6 வோல்ட், மற்ற லப்டொப்புகளுக்குக் கனக்க 19, அதால சார்ஜரோட சேத்தே கேட்டு வாங்குங்கோ.