வெட் சம்ப், அக்யுமுலேட்டர், டிரை சம்ப்: டிராக் ரேஸ் (drag race) இன்ஜினின் மெயின் பேரிங்கை எது காப்பாற்றும்?

பல ரேஸ் ஓடிய பிக் பிளாக் செவர்லே (பெரிய V8) இன்ஜினைப் பிரித்தால், கிராங்க் தண்டைத் தாங்கும் மெயின் பேரிங் ஷெல் மங்கிய சாம்பல் நிறத்தில் இருக்க வேண்டும். நடுவில் செம்பு பளிச்சென்று தெரிந்தால் மேல்பூச்சு தேய்ந்துவிட்டது என்று அர்த்தம். பல ரேஸ் பேரிங்குகளில் அந்தப் பூச்சு சுமார் 0.0005 அங்குலம்தான். அதைப் பார்த்ததும் இன்னும் கெட்டியான பேரிங்கைத் தேடுகிறவர்கள் உண்டு. நான் முதலில் இன்ஜினின் அடியில் எண்ணெய் தேங்கும் ஆயில் பேனைத்தான் பார்ப்பேன். ஓடும்போது கிராங்கைத் தாங்குவது எண்ணெய்ப் படலம். அது அறுந்தால் எந்த உலோகமும் தாங்காது.

படலம் எப்போது அறுகிறது? பச்சை விளக்கு எரிந்து வண்டி பாயும்போது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். பின்பக்கம் சம்ப் (எண்ணெய் தேங்கும் ஆழமான பகுதி) உள்ள பேனில் அப்போது எண்ணெய் பின்னால் போகும். பம்புக்கு எண்ணெயை உறிஞ்சித் தரும் பிக்கப் குழாயும் அங்கேதான் இருக்கிறது. ஆபத்து, முடிவுக் கோட்டைத் தாண்டிய பிறகு. பிரேக்கை மிதித்து, பாராசூட்டும் விரிந்தால் எண்ணெய் மொத்தமும் முன்னால் ஓடிவிடும். இன்ஜினோ இன்னும் வேகமாகச் சுற்றுகிறது, பிக்கப் காற்றை இழுக்கிறது. அந்த ஓரிரு நொடி போதும்.

எண்ணெயைப் பேனிலேயே வைத்திருக்கும் வெட் சம்பில் இதற்கு மருந்து, எண்ணெய் போகும் பக்கம் தானும் ஆடிப் போகிற ஸ்விங்கிங் பிக்கப். கூடவே தடுப்புத் தகடுகளும், சுழலும் கிராங்க் எண்ணெயைக் கிளறாமல் தடுக்கும் விண்டேஜ் டிரேயும் (windage tray) வேண்டும். இவற்றை விட்டுவிட்டு ஹை வால்யூம் பம்பை மட்டும் மாட்டினால், மேலே போன எண்ணெய் திரும்பி வருவதற்குள் பேனே காலியாகிவிடலாம்.

அக்யுமுலேட்டர் என்பது நடுவில் பிஸ்டன் உள்ள ஒரு சிலிண்டர். ஒரு பக்கம் அழுத்தக் காற்று, மறுபக்கம் இரண்டு மூன்று குவார்ட் எண்ணெய். பிரஷர் விழுந்த கணமே அந்த எண்ணெயை இன்ஜினுக்குள் தள்ளும். ஸ்டார்ட் செய்யும் முன்பே பேரிங்கை நனைத்துவிடலாம் என்பது எனக்கு மிகவும் பிடித்த வசதி. வால்வை மூடாமல் இன்ஜினை அணைத்தால் அவ்வளவு எண்ணெயும் பேனில் இறங்கிவிடும், அதில் மட்டும் கவனம் வேண்டும்.

டிரை சம்ப் வேறு ரகம். பேனில் விழும் எண்ணெயைப் பல கட்டப் பம்ப் உறிஞ்சி உயரமான டேங்குக்கு அனுப்புகிறது. காற்று அங்கே பிரிய, அடியில் இருந்து சுத்தமான எண்ணெய் வருகிறது. அமெரிக்க டிராக் ரேஸ் அமைப்பான என்எச்ஆர்ஏவின் புரோ ஸ்டாக் பிரிவில் ஓடும் 500 கன அங்குல இன்ஜின்களில் இதுதான். பேரிங்குக்கு இதைவிடப் பாதுகாப்பு கிடையாது. ஆனால் விலை, எடை, ஹோஸ்கள், போதாததற்கு ஒரு பெல்ட். அது கழன்றால் பிரஷர் பூஜ்யம். ஒன்பது, பத்து நொடியில் ஓடும் பிராக்கெட் (முன்கூட்டியே சொன்ன நேரத்துக்கு ஓடும் பந்தய) வண்டிக்கு நல்ல பேனும் அக்யுமுலேட்டரும் போதும் என்பேன்.

சரி, பேரிங்? செம்பு அடுக்கின் மேல் மென்மையான பூச்சுள்ள, மூன்று உலோக அடுக்கு கொண்ட ட்ரை-மெட்டல்தான் (tri-metal) என் தேர்வு. சிறு துகள் வந்தாலும் தன்னுள் புதைத்துக்கொள்ளும். அலுமினியம் அவ்வளவாகப் புதைத்துக்கொள்ளாது, துகள் கிராங்கைக் கீறும். மாலிப்டினம் டைசல்பைடு பூச்சு, எண்ணெய் இல்லாத ஒரு கணத்தைக் கடத்த உதவும், அவ்வளவுதான். பேரிங்குக்கும் அதில் சுழலும் கிராங்கின் ஜர்னலுக்கும் இடையே விடும் கிளியரன்ஸுக்குப் பழைய கணக்கே நல்ல தொடக்கம்: ஜர்னல் விட்டத்தின் ஒவ்வொரு அங்குலத்துக்கும் 0.001 அங்குலம். பிக் பிளாக்கின் 2.75 அங்குல மெயின் ஜர்னலுக்கு ரேஸில் 0.003 வரை விடலாம்.

எதை மாட்டினாலும், ரேஸ் முடிந்ததும் ஆயில் ஃபில்டரை வெட்டி, மடிப்புகளை விரித்து வெளிச்சத்தில் பாருங்கள். செம்பு மினுக்கம் தெரிந்தால் அடுத்த ரேஸுக்கு முன் பேனைக் கழற்றிவிடுங்கள்.