மஞ்சக்குப்பத்து டைப்பிங் கடை: மனு எழுத எங்கே போகலாம் என்று கேட்பவர்களுக்கு

வீட்டு வரியில் பெயர் மாற்றணும், பிறப்புச் சான்றிதழில் ஒரு எழுத்து தப்பாக இருக்கிறது, தெருவுக்கு விளக்கு கேட்டு மனு கொடுக்கணும் என்று என் தையல் கடைக்கு வருகிறவர்கள் யார் சொன்னாலும் இந்த ஒரு கடைக்குத்தான் அனுப்புகிறேன். இதுவரை வாயால் சொல்லிக்கொண்டிருந்ததை இப்போது எழுதி வைக்கிறேன்.

கடை கடலூர் மஞ்சக்குப்பத்தில் இருக்கிறது. மாநகராட்சி அலுவலகத்துக்கு வேலையாகப் போகிறவர்கள் நடந்தே வந்துவிடலாம். பெயர்ப்பலகையில் சாயம் போய் 'ஜெராக்ஸ்' என்பது மட்டும்தான் தெரியும். 'டைப் அடிக்கிற அண்ணன் கடை' என்று கேட்டால் ஆட்டோக்காரர்கள் கை காட்டுவார்கள். உள்ளே ஒரு கம்ப்யூட்டர், ஒரு ஜெராக்ஸ் மெஷின், துணி போட்டு மூடிய பழைய தமிழ் டைப்ரைட்டர் ஒன்று. இப்போது அதில் அடிப்பதில்லை, ஆனால் எடுத்துப் போடவும் அவருக்கு மனசு வரவில்லை. 2011 டிசம்பர் 30-ஆம் தேதி 'தானே' புயலில் மேல்கூரைத் தகரம் பறந்து, கரண்ட்டும் இல்லாமல், அந்த மெஷினை வெளியே மேஜை மேல் வைத்துத்தான் நிவாரண மனுக்களை அடித்துக் கொடுத்தாராம்.

நான் போன கதையைச் சொன்னால்தான் கடையின் அருமை புரியும்.

அப்பா நெல்லிக்குப்பம் சர்க்கரை ஆலையில் வேலை பார்த்தவர். திருப்பாப்புலியூரில் 720 சதுர அடியில் ஒரு வீடு கட்டினார். அவர் காலமான பிறகு வீட்டு வரி ரசீதில் அம்மா பெயரைப் போட வேண்டியிருந்தது. முதலில் நான் போனது வேறொரு கடை. எந்தக் கடை என்று சொல்லப்போவதில்லை. ஐந்நூறு ரூபாய் வாங்கிக்கொண்டு, கம்ப்யூட்டரில் ஏற்கெனவே இருந்த ஒரு மாதிரியில் எங்கள் பெயர்களை மாற்றி, கையெழுத்து போடுங்கள் என்று நீட்டினார்கள். வரிவிதிப்பு எண்ணில் ஒரு இலக்கம் தவறு. அதைக்கூட மன்னித்துவிடுவேன். பிள்ளைகள் மூவரும் தரவேண்டிய சம்மதக் கடிதத்தில் அவர்கள் அடித்திருந்த வாசகம்தான் எங்கள் குடும்பத்தையே கலைக்கப் பார்த்தது. 'மேற்படி சொத்தில் எங்களுக்கு எவ்வித பாத்தியதையும் இல்லை என்றும், எங்கள் உரிமையை விட்டுக்கொடுக்கச் சம்மதம் என்றும்' என்று போகிறது அந்த வரி. நான் படிக்காமல் கையெழுத்து போட்டேன். தம்பியும் போட்டான். தங்கை புதுச்சேரி முத்தியால்பேட்டையில் இருக்கிறாள். அவளுக்குக் கொடுத்து அனுப்பினோம். அவள் படித்துப் பார்த்துவிட்டு போனை எடுப்பதையே நிறுத்திவிட்டாள். பதினைந்து நாள். "என்னை ஏமாத்தப் பாக்குறீங்களாக்கா?" என்று கடைசியில் கேட்டாளே, அது இன்னும் என் காதிலேயே இருக்கிறது.

அந்தத் தாளை எடுத்துக்கொண்டுதான் இந்த அண்ணன் கடைக்குப் போனேன். அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டு முழுசாக ஒருமுறை படித்தார். பிறகு நகத்தால் அந்த வரியின் கீழே ஒரு கோடு இழுத்தார்.

"இந்த வரி எதுக்கும்மா இங்க? நீங்க கேக்கறது வரிப் பதிவேட்டுல பேர் மாத்த. சொத்தைப் பிரிக்க இல்லையே?"

வீட்டு வரி ரசீது சொத்துக்கு உரிமைப் பத்திரம் ஆகாது என்பதை அன்றைக்குத்தான் எனக்கு ஒருவர் விளங்கும்படி சொன்னார். மாநகராட்சிக்கு வேண்டியது வரி யாரிடம் கேட்பது என்ற விவரம். பட்டா வேறு, அது வட்டாட்சியர் அலுவலகத்தில். பாகப்பிரிவினையோ, பங்கை விட்டுக்கொடுக்கிற விடுதலைப் பத்திரமோ எழுதினால் அது பதிவு அலுவலகத்தில். மூன்றும் மூன்று வாசல். ஒரு வாசலுக்கான காகிதத்தில் இன்னொரு வாசலின் வார்த்தையைப் போட்டால், சட்டப்படி செல்லுமோ செல்லாதோ, கூடப் பிறந்தவர்களுக்குள் சண்டை நிச்சயம் என்றார். பழையதைக் கிழித்துப் போட்டுவிட்டு அவர் அடித்தது இவ்வளவுதான்: 'மேற்படி கட்டடத்தின் சொத்துவரி விதிப்புப் பதிவேட்டில் எங்கள் தாயாரின் பெயரைப் பதிவு செய்வதில் எங்களுக்கு ஆட்சேபணை இல்லை.'

அடித்ததும் பிரிண்ட் எடுக்கவில்லை. அம்மாவைப் பக்கத்தில் உட்கார வைத்து, ஒவ்வொரு வரியாக வாசித்துக் காட்டி, "புரியுதாம்மா? எங்கயாவது நெருடுதா?" என்று கேட்டார். அம்மாவுக்கு 74 வயது, கண் சரியாகத் தெரியாது. யார் எந்தக் காகிதத்தை நீட்டினாலும் பெருவிரலைத் தூக்கிக்கொண்டு நிற்பவர். அவரிடம் போய் ஒருவர் 'நெருடுதா' என்று கேட்டதை நான் அதற்கு முன்பு பார்த்ததில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை தங்கை பஸ் ஏறி வந்தாள், அவளும் படித்தாள், கையெழுத்து போட்டாள், மத்தியானம் எங்கள் வீட்டிலேயே சாப்பிட்டாள்.

இதற்கு அவர் வாங்கியது, டைப்பிங், நகல்கள் எல்லாம் சேர்த்து, 120 ரூபாய்.

பெயர் மாற்றத்துக்கு என்னென்ன எடுத்துப் போகணும் என்று பலரும் கேட்கிறார்கள். எங்களுக்குத் தேவைப்பட்டவை: அப்பாவின் இறப்புச் சான்றிதழ், வட்டாட்சியர் தந்த வாரிசுச் சான்றிதழ், வீட்டுப் பத்திரத்தின் நகல், பாக்கியில்லாமல் கட்டிய கடைசி வரி ரசீது, அம்மாவின் ஆதார் நகல், இந்தச் சம்மதக் கடிதம். பாக்கி இருந்தால் முதலில் அதைக் கட்டிவிட்டு வரச் சொல்வார். பாக்கியோடு கொண்டுபோய்க் கொடுத்து அலையாதீர்கள் என்பார். சொத்துவரி ஏப்ரலில் ஒன்று, அக்டோபரில் ஒன்று என அரையாண்டுக் கணக்கு. அரையாண்டு பிறந்த முதல் மாதத்துக்குள் கட்டினால் 5 சதவீதம் ஊக்கத்தொகை கழியும், அதிகபட்சம் 5,000 ரூபாய் வரை. இது எனக்கு வருஷக்கணக்காகத் தெரியாது. அப்பாவுக்கும் தெரிந்திருக்காது. 2022-இல் வரி உயர்ந்தபோது பக்கத்து வீட்டுக்குக் குறைவாக ஏறி எங்களுக்கு மட்டும் அதிகமாக ஏறியது ஏன் என்று அப்பா கடைசிவரை கேட்டுக்கொண்டே இருந்தார். அதற்கும் இந்தக் கடையில்தான் பதில் கிடைத்தது. குடியிருப்புக்கு 600 சதுர அடி வரை 25 சதவீதம், அதற்கு மேல் 1,200 வரை 50 சதவீதம் என்று உயர்த்தினார்கள். பக்கத்து வீடு 580, எங்கள் வீடு 720. அப்பா இருக்கும்போது இதை யாராவது சொல்லியிருந்தால் அவர் மனசு ஆறியிருக்கும்.

சரி, அப்புறம் தெருவிளக்கு. பெயர் மாற்றத்தை எங்கேயாவது முடித்துக்கொள்ளலாம், ஆனால் ஒரு மனுவை எப்படி எழுதுவது என்பதை இந்தக் கடையில்தான் கற்றுக்கொண்டேன்.

எங்கள் தெருக் கடைசியில் சாயங்காலம் ஏழு மணிக்கு மேல் ஆள் முகம் தெரியாது. டியூஷன் முடிந்து வரும் பெண் பிள்ளைகள் அந்த வழியாகத்தான் வரணும். நான் ஒரு மனு எழுதிக்கொண்டு போனேன். இருட்டாக இருக்கிறது, பெண்கள் பயப்படுகிறார்கள், தாங்கள் தயவுகூர்ந்து ஆவன செய்ய வேண்டும் என்று ஒன்றரைப் பக்கம். அவர் படித்துவிட்டு, நல்லாத்தான் எழுதியிருக்கீங்க என்று சொல்லிவிட்டு, கேட்க ஆரம்பித்தார். வார்டு எண் என்ன? எந்த வீட்டிலிருந்து எந்த வீடு வரைக்கும் இருட்டு? நடுவில் எத்தனை கம்பம்? கம்பத்தில் எண் எழுதியிருக்குமே, பார்த்தீர்களா? விளக்கு இருந்து எரியவில்லையா, கம்பம் இருந்து விளக்கு இல்லையா, கம்பமே இல்லையா?

எனக்கு ஒன்றுக்கும் பதில் தெரியவில்லை. அந்தத் தெருவில்தான் நாற்பது வருஷமாக நடக்கிறேன்.

மூன்றும் வேறு வேறு வேலையாம். விளக்கு இருந்து எரியவில்லை என்றால் அது பராமரிப்பு. கம்ப எண்ணைச் சொல்லிப் புகார் கொடுத்தால் போதும், மனுவே வேண்டாம். கம்பம் இருந்து விளக்கு இல்லையென்றால் பொறியாளர் பார்த்து மதிப்பீடு போடணும். கம்பமே இல்லையென்றால் மின்வாரியத்தையும் சேர்த்துக் கேட்கணும். நான் 'விளக்கு வேண்டும்' என்று மட்டும் எழுதிக் கொடுத்தால், மனுவை வாங்குகிறவர் அதை எந்தப் பிரிவுக்கு அனுப்புவார்?

பிறகு மேஜைக்கு அடியிலிருந்து ஒரு கட்டுக் காகிதம் எடுத்தார். மாநகராட்சி மன்றக் கூட்டத்துக்கு அச்சடிக்கிற அஜெண்டா. யாராவது நகல் எடுக்க வந்தால், கேட்டுக்கொண்டு ஒரு பிரதி தனக்கும் எடுத்து வைத்துக்கொள்வாராம். அதில் ஒரு பக்கத்தைத் திருப்பிக் காட்டினார். 'பொருள்' என்று ஒரு எண், அதன் கீழே எந்த வார்டு, எந்தத் தெரு, என்ன வேலை, மதிப்பீடு எவ்வளவு, எந்த நிதியிலிருந்து என்று நான்கே வரி. முடிவில் 'மன்றத்தின் அனுமதிக்கு வைக்கப்படுகிறது'. சாக்கடைக்கும் குழாய்க்கும் தண்ணீர்த் தொட்டி கழுவுவதற்கும் இதே அச்சுதான். அவசரத்துக்குச் செய்து முடித்துவிட்ட வேலை என்றால் பிறகு மன்றத்தில் வைத்துப் 'பின்னேற்பு' வாங்குவார்கள். சின்னத் தொகையை அலுவலகமே பார்த்துக்கொள்ளும், பெரியது மன்றத்துக்கு வரும்.

"உங்க மனுவைப் படிக்கிறவர் இந்த நாலு வரியை உங்க பேப்பர்லருந்தே எடுக்கற மாதிரி இருக்கணும்மா. அவர் தேடக் கூடாது" என்றார்.

அன்று ராத்திரி என் பேரனைக் கூட்டிக்கொண்டு டார்ச் அடித்துக் கம்பம் எண்ணினேன். ஐந்து கம்பம். இரண்டில் விளக்கு எரிகிறது. ஒன்றில் விளக்கு இருந்தும் எரியவில்லை. மீதி இரண்டில் விளக்கு மாட்டும் கம்பி மட்டும் நீட்டிக்கொண்டிருக்கிறது. எண்களை என் தையல் அளவு நோட்டிலேயே குறித்துக்கொண்டேன், ஜாக்கெட் அளவுக்குப் பக்கத்தில். மறுநாள் அவர் அடித்த மனு அரைப் பக்கம்கூட வரவில்லை. பயம், இருட்டு என்பதற்கு ஒரே வரி, மற்றதெல்லாம் எண். எரியாத விளக்கைச் சீக்கிரமே சரிசெய்துவிட்டார்கள். மற்ற இரண்டும் மூன்றாவது மாதம் வந்தன. எங்கள் வார்டு உறுப்பினரிடமும் ஒரு நகல் கொடுக்கச் சொன்னதே அண்ணன்தான்.

இதைத் தங்கையிடம் சொன்னபோது, எங்களுக்கு உறுப்பினர் யாரிருக்காங்க, யார்கிட்ட கொடுக்கறது என்றாள். புதுச்சேரியில் உள்ளாட்சித் தேர்தல் 1968-க்குப் பிறகு 2006-இல் ஒருமுறை நடந்தது. அந்த மன்றங்களின் காலம் 2011-இல் முடிந்தது. இங்கேயும் 2016 அக்டோபரிலிருந்து 2022 வரை மன்றம் கிடையாது. அப்போதெல்லாம் மன்றத்துக்குப் பதிலாகப் பொறுப்பில் இருந்த 'தனி அலுவலர்' பெயரை மனுவின் தலைப்பில் அடித்தே விரல் பழகிவிட்டது என்பார் அண்ணன். கடலூர் 2021-இல் மாநகராட்சி ஆகி, மறு வருஷம் 45 வார்டுக்கும் ஆட்கள் வந்த பிறகு 'மாமன்ற உறுப்பினர் அவர்களுக்கு' என்று முதல் மனு அடித்தது நன்றாக நினைவிருக்கிறதாம்.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். உட்கார ஒரே ஒரு ஸ்டூல்தான். வயசானவர்களைக் கூட்டிப் போனால் கூட்டமில்லாத நேரமாகப் பார்த்துப் போங்கள். திங்கட்கிழமை போகவே வேண்டாம்; கலெக்டர் அலுவலகத்தில் குறைதீர்க்கும் நாள் என்பதால் காலையிலிருந்தே வரிசை நிற்கும். மத்தியானம் ஒன்றரையிலிருந்து மூன்று மணி வரை கடை பூட்டியிருக்கும். அவசரம் என்றால் அவருக்குப் பிடிக்காது. ஒரு மனுவுக்கு அரை மணி நேரம் ஆகும், கேள்வி கேட்காமல் அடித்துக்கொடுக்க மாட்டார். இரண்டு பேர் பொறுமையில்லாமல் எழுந்து போனதை நானே பார்த்தேன். கையெழுத்து சிதைந்த பழைய பத்திரம் என்றால், இதை ஒரு வக்கீலிடம் காட்டிவிட்டு வாருங்கள் என்று திருப்பி அனுப்பிவிடுவார். ஆன்லைனில் வரி கட்டித்தரச் சொன்னால் கட்டித்தருகிறார், ஆனால் மெதுவாக. அதற்கு என் பேரனே போதும். 'அலுவலகத்தில் ஆள் இருக்காங்க, நான் பார்த்துக்கறேன்' என்ற பேச்சு மட்டும் அவரிடம் கிடையாது. அடித்த காகிதத்தை உங்கள் கையில் கொடுத்து, மனு கொடுத்ததற்கு மறக்காமல் ரசீது வாங்குங்கள் என்று சொல்லி அனுப்புவார்.

அங்கே நான் முடிக்கவேண்டிய வேலை இன்னும் ஒன்று இருக்கிறது. மகளுக்குப் பிறந்த குழந்தையின் பிறப்புச் சான்றிதழில் இன்னும் பெயர் ஏறவில்லை. பெயர் வைப்பதில் இரு வீட்டாருக்கும் ஒத்துவரவில்லை, நாள் ஓடிவிட்டது. பிறந்து ஓராண்டுக்குள் என்றால் கட்டணமில்லாமல் பெயர் சேர்க்கலாம், அதற்கு மேல் பதினைந்து வருஷம் வரை தாமதக் கட்டணத்தோடு சேர்க்கலாம் என்று போன தடவையே சொன்னார். கூடவே, இனிஷியலை எப்படிப் போடப்போறீங்க, பின்னால் பள்ளிக்கூடம், பாஸ்போர்ட் எல்லாத்துக்கும் இதுதான் மூலம், வீட்டில் எல்லாரும் உட்கார்ந்து ஒரு தாளில் எழுதிப் பார்த்துவிட்டு வாங்க என்றார். எழுதியாகிவிட்டது. ஆவணியில் குழந்தைக்கு ஒரு வயது நிறைகிறது. வருகிற புதன்கிழமை மூன்று மணிக்கு மேல் போகிறோம்.