பழைய பெர்ஃபாமன்ஸ் கார் வாங்குகிறவர்கள் கவனத்துக்கு: ரீமேப் செய்த வண்டியை ஸ்டாக்காக மாற்றி விற்கிறார்கள்

கோவையில் பழைய டர்போ பெட்ரோல் கார் தேடிக்கொண்டிருப்பவர்கள் அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள். ரீமேப் செய்து (சக்தி கூட எஞ்சின் மென்பொருளை மாற்றி), ரேஸ் டிராக்கில் ஓட்டி, எஞ்சின் உள்ளுக்குள் அடிவாங்கிய ஒரு காரில் மறுபடி கம்பெனி பாகங்களை மாட்டி, கோளாறுப் பதிவுகளை அழித்து, "டாக்டர் ஓட்டின வண்டி" என்று சொல்லி 19 லட்ச ரூபாய்க்கு என் தலையில் கட்டிவிட்டார்கள். விற்றது தெருமுனை புரோக்கர் இல்லை. ஏசி, கண்ணாடிச் சுவர், காபி மெஷின் எல்லாம் வைத்திருக்கிற பெரிய ஷோரூம். வழக்குப் போட்டிருப்பதால் கடையின் பெயரையோ காரின் பெயரையோ இங்கே எழுதவில்லை. இரண்டு லிட்டர் டர்போ, 200 குதிரைத்திறனுக்கு மேல், இரட்டை கிளட்ச் ஆட்டோமேட்டிக், வெளிநாட்டு பிராண்டு செடான். அந்த அளவுக்குத் தெரிந்தால் போதும்.

இந்த ரகக் கார்கள் நம் நாட்டில் குறைவாகத்தான் விற்றிருக்கின்றன. ஸ்கோடா 2020இல் ஆக்டேவியா ஆர்எஸ் 245 கொண்டுவந்தபோது மொத்தமே 200 கார்கள்தான். ஷோரூம் விலையே கிட்டத்தட்ட 36 லட்சம். அதனால் நல்ல நிலையில் ஒன்று சந்தைக்கு வந்தால் உடனே போய்விடும் என்று எல்லோருக்கும் தெரியும். விற்பவர்களுக்கு அதுவே வசதி. "சாயங்காலம் திருப்பூர்ல இருந்து ஒரு பார்ட்டி வர்றாங்க சார்" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், வாங்குபவருக்கு நிதானம் போய்விடும்.

வழக்கமாக எல்லோரும் பார்க்கிற விஷயங்கள் அனைத்தும் இந்தக் காரில் சுத்தமாக இருந்தன. எம்பரிவாகன் என்ற அரசு ஆப்பில் ஆர்சி சரி, கடன் பாக்கி இல்லை, ஒரே ஓனர். பெயின்ட் ஒரிஜினல். மீட்டர் 41,000 சொச்சம், அதையும் திருப்பவில்லை. 2015 வெள்ளத்திலோ 2023 மிக்ஜாம் புயலிலோ மூழ்கிய சென்னை வண்டியாக இருக்குமோ என்று சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்து, கார்ப்பெட்டைத் தூக்கிப் பார்த்தாயிற்று. சேறோ துருவோ இல்லை. ஓட்டிப் பார்த்தால் ஆக்சிலரேட்டரைத் தொட்டதும் பாய்கிறது. சாதாரணக் காருக்கு இந்தச் சோதனைகள் போதும். பெர்ஃபாமன்ஸ் காருக்குப் போதாது. இந்தக் கார்களில் எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்பதைவிட, அந்தக் கிலோமீட்டர்களை எப்படி ஓட்டினார்கள், எஞ்சினின் மூளையில் யார் கைவைத்தார்கள் என்பதுதான் முக்கியம். விற்பவர்கள் மறைப்பதும் சரியாக அதைத்தான்.

வாங்கி ஒரு மாதம்கூட ஆகவில்லை. குடும்பத்தோடு வால்பாறை போகும் வழியில், ஆழியாறு தாண்டிக் கொண்டை ஊசி வளைவுகள் ஏறும்போது எஞ்சின் விளக்கு விட்டுவிட்டு மின்ன ஆரம்பித்தது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: அந்த விளக்கு அசையாமல் எரிந்தால் மெதுவாக ஓட்டி மெக்கானிக்கிடம் போய்விடலாம், மின்னினால் சிலிண்டர் மிஸ்ஃபயர் ஆகிறது (பெட்ரோல் சரியாக எரியவில்லை), எரியாத பெட்ரோல் புகையைச் சுத்தம் செய்கிற கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குள் போகிறது என்று அர்த்தம். உடனே ஓரம்கட்ட வேண்டும். ஓரம்கட்டினோம். பின்னால் நீலப்புகை. அங்கிருந்து பிளாட்பெட் வண்டியில் ஏற்றி இறக்க வேண்டியதாயிற்று. குழந்தைகள் அழுதது தனிக் கதை.

கோவையில் இந்த ரகக் கார்களை மட்டுமே பார்க்கிற ஒரு மெக்கானிக் இருக்கிறார். அவர் ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, பிளக் துளை வழியாக எண்டோஸ்கோப் கேமராவை விட்டுத் திரையில் காட்டினார். நல்ல சிலிண்டர் சுவரில் ஒன்றை ஒன்று வெட்டிக்கொண்டு மெல்லிய கோடுகள் தெரியும்; எண்ணெய் தங்குவதற்காகக் கம்பெனியிலேயே போடுகிற ஹோனிங் கோடுகள் அவை. மூன்று சிலிண்டர்களில் அவை தெளிவாக இருந்தன. மூன்றாவது எண் சிலிண்டரில் கோடுகள் மழுங்கி, மேலிருந்து கீழாக நகத்தால் பிறாண்டியதுபோல் செங்குத்துக் கீறல்கள். கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் உருவாகும் அழுத்தம் பார்த்தால் மற்றவை 11, 12 பார். அது 7ஐத் தாண்டவில்லை. பிற்பாடு எஞ்சினை இறக்கியபோது பிஸ்டனில் ரிங் உட்காரும் வரப்பு ஒரு பக்கம் உடைந்து கையோடு வந்தது. வடித்த ஆயிலும் கம்பெனி சொல்கிற தரத்தில் இல்லை. ஆயில் குடிப்பது தெரியாமல் இருக்கத் தடிமனான ஆயிலை ஊற்றியிருந்தார்கள்.

"ஏனுங்க, இந்த வண்டிய டிராக்ல ஓட்டியிருக்காங்களா?" என்று கேட்டார். டாக்டர் வண்டி என்று ஷோரூமில் சொன்னதைச் சொன்னேன். அவர் முன் பம்பரில், வண்டியைக் கட்டி இழுக்கிற டோ ஹூக் மாட்டும் இடத்தின் சின்ன மூடியைக் கழற்றி டார்ச் அடித்தார். மரை தேய்ந்து பளபளத்தது. "ரோட்டுல ஓட்டுற வண்டில இதைக் கழட்டவே மாட்டாங்க. டிராக்ல ஹூக் மாட்டாம உள்ளேயே விட மாட்டாங்க." சக்கர வளைவின் உள்பக்கம் உருகிய டயர் ரப்பர் துணுக்குகள் ஒட்டிக்கொண்டிருந்தன. நாலு டயரும் பிரேக் டிஸ்க்குகளும் ஏன் புத்தம் புதியதாக இருந்தன என்பது அப்போது விளங்கியது. செட்டிபாளையத்தில் கரி ஸ்பீட்வே இருக்கிற ஊர் இது. டிராக்கில் ஓட்டுவதில் தப்பே இல்லை, ஆசையாகப் பராமரித்து ஓட்டுகிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். ஓட்டியதை மறைத்து, பாதி உடைந்த எஞ்சினைக் குடும்பஸ்தன் கையில் கொடுப்பதுதான் அநியாயம்.

ரீமேப் என்றால் என்ன என்று தெரியாதவர்களுக்கு: டர்போ எவ்வளவு காற்றைத் தள்ளுவது, எப்போது பொறி விடுவது என்பதையெல்லாம் ஈசியூ என்கிற கம்ப்யூட்டர் முடிவு செய்கிறது. அதன் மென்பொருளை மாற்றினால் 230 குதிரைத்திறன் எஞ்சினிலிருந்து 300 பக்கம்கூட வாங்கலாம். ஸ்டேஜ் 1 என்றால் மென்பொருள் மட்டும். அதற்கு மேலே போனால் டவுன்பைப் (டர்போவிலிருந்து புகை போகும் குழாய்), இன்டேக் (காற்று உள்ளே வரும் பாதை) எல்லாம் மாறும். நல்ல டியூனர், நல்ல பெட்ரோல், ஒழுங்கான ஆயில் இருந்தால் பல வருடம் ஓடும். மட்டமான ஃபைலைப் போட்டு, சாதாரண பெட்ரோலில், குறைந்த ஆர்பிஎம்மில் முழு ஆக்சிலரேட்டர் கொடுத்தால் நாக்கிங் வரும், அதாவது பெட்ரோல் தாறுமாறாக வெடித்து எரியும். பிஸ்டன் வரப்பு உடைவது அதனால்தான். விற்கும் நேரத்தில் மாடிஃபை செய்த பாகங்களைக் கழற்றித் தனியாக விற்றுவிட்டு, பரணில் கிடந்த ஒரிஜினலை மாட்டி, மென்பொருளையும் பழையபடி எழுதிவிடுகிறார்கள். இதைத்தான் "ஸ்டாக்குக்குக் கொண்டுவருவது" என்கிறார்கள்.

ஆனால் தடயம் இருக்கும். எக்ஸாஸ்ட் கிளாம்புகளும் டர்போ பக்கத்துப் போல்ட்டுகளும் மட்டும் புதிதாக, ஸ்பேனர் பட்ட தடத்தோடு இருக்கும். சுற்றியுள்ளவை வெப்பத்தில் நிறம் மாறிக் கிடக்கும். பல ஈசியூக்கள் தங்களை எத்தனை முறை எழுதினார்கள் என்ற கணக்கை வைத்திருக்கும்; கம்பெனி சர்வீஸ் சென்டரில் அதைப் படிக்க முடியும். எல்லாவற்றையும்விட எனக்கு உதவியது, காரின் கம்ப்யூட்டரில் செருகிப் படிக்கிற ஓபிடி ஸ்கேனரில் வரும் ஒரே ஒரு வரி: கோளாறுக் குறியீடுகளை அழித்த பிறகு ஓடிய தூரம். கடைகளில் கிடைக்கிற சாதாரண ஸ்கேனரிலேயே பெரும்பாலும் வரும். நான் ஓட்டிய தூரத்தை அதிலிருந்து கழித்தால், கார் ஷோரூம் கையில் இருந்தபோதுதான் அழித்திருக்கிறார்கள் என்பது தெளிவாகிறது. அவர்கள் காரை வாங்கியபோது இருந்த மீட்டர் அளவு அவர்களுடைய காகிதத்திலேயே இருக்கிறது.

இன்னொன்று சர்வீஸ் ஹிஸ்டரி. என் கோப்பில் இருந்த நகல் நான்கு பக்கம். ஆர்சி என் பெயருக்கு மாறிய பிறகு கம்பெனி சர்வீஸ் சென்டரில் முழு அறிக்கை கேட்டு வாங்கினேன்: ஆறு பக்கம். விடுபட்ட இரண்டு பக்கத்தில்தான் விஷயமே இருக்கிறது. 34,000 கிலோமீட்டரில் ஆயில் குறைகிறது என்ற புகார், எஞ்சினைத் திறந்து பார்க்கச் சொன்ன பரிந்துரை, மென்பொருள் மாற்றப்பட்டிருப்பதால் வாரன்டி இல்லை என்ற குறிப்பு. என்னிடம் கொடுத்த நகலில் பக்க எண் அச்சாகும் கீழ் ஓரம் விழாதபடி ஜெராக்ஸ் எடுத்திருந்தார்கள். தெரியாமல் விற்றுவிட்டோம் என்று அவர்கள் சொல்வதை நான் நம்பாததற்குக் காரணம் இந்த ஜெராக்ஸ்.

ஷோரூமில் கிடைத்த பதில் இது: "பழைய வண்டின்னா அப்படித்தான் சார், எஞ்சினுக்குள்ள போய் நாங்க பார்க்க முடியுமா?" ரசீதின் பின்பக்கம் "உள்ளது உள்ளபடி" என்று பொடி எழுத்தில் இருப்பதைக் காட்டினார்கள். அடுத்த முறை மேனேஜர் லீவு. அப்புறம் போனையே எடுக்கவில்லை. எஞ்சின் வேலைக்கு நான்கு லட்சத்துக்கு மேல் ஆகும் என்றதும் "பாதி தர்றோம், எழுதிக் கொடுத்துடுங்க" என்று ஒரு ஆளை வீட்டுக்கு அனுப்பினார்கள். நான் கையெழுத்துப் போடவில்லை.

இனி வாங்கப் போகிறவர்கள் என்னவெல்லாம் கேட்க வேண்டும் என்று சொல்கிறேன். முதலில், காரை ராத்திரி முழுக்க ஆறவிட்டு, காலையில் உங்கள் கண் முன்னால் முதல் ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். பானெட்டில் கைவைத்துப் பார்த்துவிட்டு சாவியைக் கேளுங்கள். எனக்குக் காட்டிய அன்று எஞ்சின் சூடாக இருந்தது. வாட்டர் வாஷ் போய் வந்தோம் என்றார்கள். ஆறிய எஞ்சின்தான் உண்மையைச் சொல்லும்: தளர்ந்த டைமிங் செயின் முதல் சில நொடிகள் சலசலக்கும், புகை வரும், ஐடில் தடுமாறும். 2012 முதல் 2015 வரை வந்த பிஎம்டபிள்யூ 328ஐ கார்களின் என்20 எஞ்சினில் செயின் கைடுகள் பிளாஸ்டிக். அவை உடைந்து அமெரிக்காவில் வழக்கு வரை போன விஷயம். அப்படிப்பட்ட எஞ்சினைச் சூடான நிலையில் மட்டும் கேட்டுவிட்டு வாங்கவே கூடாது.

அடுத்து, வெளி மெக்கானிக்கை வைத்துக் கம்ப்ரஷனும் எண்டோஸ்கோப்பும் பார்க்க விட வேண்டும். எனக்கு இதை ஷோரூமில் மறுத்தார்கள். "எங்க 150 பாயின்ட் செக்கிங்ல எல்லாம் பார்த்தாச்சு" என்று ஒரு கலர் காகிதத்தைக் கொடுத்தார்கள். அந்த 150இல் கம்ப்ரஷன் இல்லை, வைப்பர் பிளேடு இருக்கிறது. கியர்பாக்ஸ் டிஎஸ்ஜி (ஃபோக்ஸ்வாகன், ஸ்கோடா கார்களில் வரும் இரட்டை கிளட்ச் வகை) என்றால் எது என்று பாருங்கள்: 6 கியர், ஈர கிளட்ச் வகைக்கு 60,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை ஆயிலும் ஃபில்டரும் மாற்றிய பில் வேண்டும், 7 கியர் உலர் கிளட்ச் என்றால் போக்குவரத்து நெரிசலில் ஊர்ந்து போகும்போது உதறுகிறதா என்று பார்க்க வேண்டும்.

பழைய இன்ஷூரன்ஸ் பாலிசியைக் கேட்டு வாங்குங்கள். அதில் நோ கிளெய்ம் போனஸ் 20, 25, 35, 45, 50 சதவீதம் என்று வருடா வருடம் ஏறிக்கொண்டே போகும். ஐந்து வருடக் காருக்கு அது பூஜ்யம் என்றால் சமீபத்தில் ஏதோ கிளெய்ம் ஆகியிருக்கலாம். என்ன என்று கேளுங்கள். இ-சலான் தளத்தில் வண்டி நம்பரைப் போட்டு, ஓவர் ஸ்பீடு சலான்கள் எத்தனை என்றும் பாருங்கள். சர்வீஸ் ஹிஸ்டரி நகலாக வேண்டாம். தற்போதைய ஓனரையோ ஷோரூம் ஆளையோ கூட்டிக்கொண்டு சர்வீஸ் சென்டருக்கே போய், உங்கள் எதிரில் அச்சடித்து வாங்குங்கள். இதில் எதற்கு முகம் சுளித்தாலும் எழுந்து வந்துவிடுங்கள், திருப்பூர் பார்ட்டியே வாங்கிக்கொள்ளட்டும்.

ஏற்கெனவே மாட்டிக்கொண்டவர்களுக்கு: எஞ்சினைப் பிரிப்பதற்கு முன் வீடியோ எடுங்கள், ஸ்கேன் அறிக்கையைத் தேதியோடு சேமியுங்கள், யாரையும் குறியீடுகளை அழிக்க விடாதீர்கள். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்யலாம். கொடுத்த தொகை 50 லட்சத்துக்குள் என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019 சட்டப்படி நீங்கள் குடியிருக்கிற மாவட்டத்திலேயே போடலாம், இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். 2023 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ள மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி, பழைய கார் டீலர்கள் ஆர்டிஓ அங்கீகாரம் வாங்க வேண்டும். கையில் இருக்கும் வண்டியை எதற்காக, எவ்வளவு தூரம் ஓட்டினார்கள் என்று பதிவேடும் வைக்க வேண்டும். என் வக்கீல் அந்தப் பதிவேட்டைத்தான் கேட்டு நோட்டீஸ் அனுப்பியிருக்கிறார். இதுவரை அவர்கள் கொடுக்கவில்லை.

கார் இப்போதும் மெக்கானிக்கிடம்தான், எஞ்சின் பிரித்தபடி நிற்கிறது. ஆணையம் பார்வையிடும் வரை தொட வேண்டாம் என்று வக்கீல் சொல்லியிருக்கிறார். மாதத் தவணை மட்டும் தவறாமல் போய்க்கொண்டிருக்கிறது. அதே ஷோரூம் போன வாரம் இதே மாடலில் இன்னொரு கார் விளம்பரம் போட்டிருக்கிறது. அவினாசி ரோடு பக்கம் அப்படி ஒன்றைப் பார்க்கப் போகிறவர்கள், காசு கொடுப்பதற்கு முன் எனக்கு ஒரு மெசேஜ் அனுப்புங்கள். ஸ்கேனரை எடுத்துக்கொண்டு நானே கூட வருகிறேன்.