தனியாளின் பின்னேரம்: வீட்டில் தொடரா, கோட்டையில் சித்திரமா?

வேலை முடிந்த பின்னேரம் முழுக்க எனக்கே சொந்தம். கலியாணம் கட்டாமல் இருப்பதில் எனக்குப் பிடித்ததே அதுதான். வீட்டில் தொடர் பார்த்தால் களைப்புப் போகும், வாய்விட்டுச் சிரிக்கலாம். மார்கழி மழைக்கு அது சரி.

ஆனால் சித்திரக் கொப்பியோடு திருகோணமலைக் கோட்டைக்குப் போனால் நேரம் போவதே தெரியாது. 1624இல் போர்த்துக்கேயர் கட்டியது. உள்ளே மரநிழலில் புள்ளிமான்கள் அசைபோட்டுக்கொண்டு கிடக்கும். ஒரு காதை வரைந்து முடிக்குமுன் தலையைத் திருப்பிவிடும், அப்புறம் மிச்சத்தை வேறொரு மானைப் பார்த்துத்தான் வரைய வேண்டும். கோணேசர் கோயில்வரை ஏறினால் இராவணன் வெட்டு என்கிற பாறைப் பிளவு, கீழே கடல். கூட ஆள் வந்தால் "போவமா?" என்று அவசரப்படுத்தும். தனியே என்றால் வெளிச்சம் மங்கும்வரை இருக்கலாம். மழை இல்லாவிட்டால் எனக்குக் கோட்டைதான்.